பக்கத்துல யாரு

ஆகஸ்ட் 20, புதன்

ஐயோ, சந்தோசம் தாங்கல. எழுத்து கோணலாத்தான் வரும். யூடியூப்ல பேய்க்கதை சொல்ற கருக்கல் சேனல்ல இன்னைக்கு லைவ். கருக்கல் அண்ணா என் கமெண்ட்ட வாசிச்சாரு! "சங்கரன்கோவில்ல இருந்து கோமதி கேக்காங்க"ன்னு பேரச் சொல்லி வாசிச்சாரு. நாப்பதாயிரம் பேரு பாத்துட்டு இருக்காங்க! நான் கட்டில்ல இருந்து குதிச்ச குதியில அம்மா அடுப்படியில இருந்து "என்னட்டி, மேல பல்லி விழுந்துட்டா?"ன்னு ஓடி வந்தா.

விஷயம் என்னன்னா போட்டி. வீட்ல நடக்குற சின்னக் கோளாறு எதுவுமே சும்மா நடக்காதாம். பால் கொட்டுறது, விளக்கு அணையுறது, கண்ணாடி உடையுறது எல்லாமே ஏதோ ஒண்ணு வீட்டுக்குள்ள நொழைஞ்சுட்டதுக்கு அடையாளம். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், விடாம எழுதணும். போன்ல எழுதக் கூடாது, நோட்டுலதான். நாலு கட்டம். என்ன நடந்துச்சு. எத்தனை மணி. என்ன பொருள். பக்கத்துல யாரு. கடைசி நாள் லைவ்ல மூணு பேரக் கூப்பிட்டு வாசிக்க வைப்பாரு. அதுல ஒருத்தி நானாத்தான் இருக்கணும்.

அண்ணன் கடையில இருந்து லாங் சைஸ் நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கான். "படிக்கவா எடுத்துட்டுப் போற?"ன்னு கேட்டுட்டு அவனே சிரிச்சுக்கிட்டான். நக்கல்.

முதல் பக்கத்துல வீட்டு ஆளுங்கள எழுதணும்னு ரூல். எழுதுறேன். அப்பா, பிரைவேட் பஸ் டிரைவர். அம்மா ஆவுடையம்மா. பூனை, தும்மல், பல்லி எல்லாத்துக்கும் பயப்படுவா, அப்பா ரோட்டுல இருக்குற ஆளுங்கிறதால. அண்ணன் வேலு. மதினி உலகேஸ்வரி, ஊரு சுரண்டை, கல்யாணமாகி மூணு மாசம், இங்க ஒரு ஸ்கூல்ல எல்.கே.ஜி. டீச்சர். அப்புறம் நான். பத்தொன்பது வயசு. தபால்ல பி.காம்.

ஆகஸ்ட் 23, சனி

மூணு நாளா ஒண்ணும் நடக்கல. ஒரு தும்மல் கூட இல்ல. என்ன வீடு இது.

நாளைக்கு ஒரு இன்ட்ரோ வீடியோ எடுக்கலாம்னு இருக்கேன். முன்ரூம் கண்ணாடி முன்னால ரிங் லைட் வச்சா, கண்ணாடிக்குள்ள நான், எனக்குப் பின்னால இருட்டுன்னு செம்மயா வரும். அது அப்பா கண்ணாடி. டியூட்டிக்குப் போகும்போது அதுல முகம் பாத்து தல சீவிட்டுத்தான் படி இறங்குவாரு. பாக்காம இறங்குனா அம்மா திரும்ப உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு தண்ணி குடுத்து அனுப்புவா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் அடையாளம்.

என்ன: முன்ரூம் கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. மணி: காலை 10.10. பொருள்: கண்ணாடி. பக்கத்துல: மதினி (துணி காயப் போட்டுட்டு உள்ள வந்தா).

அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. வந்து பாத்ததும் வாசப்படியிலயே உக்காந்துட்டா. "அவரு முகம் பாக்குற கண்ணாடியாச்சே"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னா. மதினிதான் துண்டெல்லாம் பெருக்குனா. "நான் வரும்போதே உடைஞ்சு கெடந்துச்சு அத்தை"ன்னு சொன்னா. அம்மா என்னப் பாத்தா. நான் ரூமுக்குள்ள இருந்தேன்னு சொன்னேன்.

விரல்ல சின்னக் கீறல். பிளாஸ்டர் ஒட்டியிருக்கேன். வீடியோ எடுக்கல.

ஆகஸ்ட் 25, திங்கள்

இத எங்க எழுதன்னு தெரியல. ரிங் லைட் ஸ்டாண்டுல திருகு ஒண்ணு காணாமப் போயிருந்துச்சு. அது இல்லாம ஸ்டாண்டு நிக்காது. வீடு பூரா தேடிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா என் தலகாணிக்குக் கீழ இருக்கு! நான் வைக்கல. சத்தியமா வைக்கல. மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மணி தெரியாததால கட்டத்துல சேக்க முடியல. வேஸ்ட்டாப் போச்சு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மணி: மாலை 6.40. பொருள்: குத்துவிளக்கு. பக்கத்துல: மதினி.

இதத்தான் எதிர்பாத்தேன்! மதினி விளக்கு ஏத்த உக்காந்தா. தீக்குச்சிய திரியில வைக்காம பக்கத்துல வெறும் காத்துல வைக்கா. ரெண்டு தடவ. மூணாவது தடவ பத்துச்சு. உடனே முந்தானை பட்டு அணைஞ்சுபோச்சு. "என்ன மதினி?"ன்னு கேட்டா, கண்ணக் கசக்கிட்டு "ரெண்டு விளக்கு தெரியுது கோமு"ங்கா.

ரெண்டு விளக்கு! நம்ம வீட்ல இருக்குறது ஒண்ணுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மணி: ராத்திரி 7.15. பொருள்: குங்குமச் சிமிழ். பக்கத்துல: மதினி.

கையில இருந்து நழுவி வெள்ளைத் தரை பூரா செவப்பு. அதுவும் வெள்ளிக்கிழம. அம்மா ஒண்ணும் பேசல. அம்மா பேசாம இருந்தாத்தான் பயம்.

சேனலோட வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டேன். முந்நூத்திப் பன்னெண்டு லைக். கருக்கல் அண்ணாவே ஹார்ட் விட்டாரு!!!

செப்டம்பர் 3, புதன்

மணி: காலை 11. பொருள்: உப்பு ஜாடி. பக்கத்துல: மதினி.

ஜாடி கீழ விழுந்து உடைஞ்சுட்டு. மதினி அப்போ ஸ்கூல்லதான் இருந்தா. ஆனா நேத்து ராத்திரி அந்த ஜாடியக் கடைசியாத் தொட்டது அவதான். அதனால சேத்துக்கலாம். குரூப் அட்மின்ட்ட கேட்டேன், சேக்கலாம்னுட்டாரு.

செப்டம்பர் 4, வியாழன்

இன்னைக்கு எழுதப் போறது வேற லெவல்.

மதினி ஸ்கூல்ல ஆசிரியர் தின ரிகர்சலாம். நாள் பூரா புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டு வந்தா. ஏழு மணிக்கு சாப்பிட உக்காந்தோம். அப்பாட்ட ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. குரல் அவ குரலே இல்ல. மூக்கால வருது. ஙொய்ங்குன்னு.

அண்ணன் சிரிச்சான். "என்ன, புள்ளைங்க மாதிரியே பேசிக் காமிக்கியா?"ன்னான். மதினியும் சிரிச்சா. தண்ணி குடிச்சா. குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்துட்டு. அண்ணனுக்கு இன்னும் சிரிப்பு. அப்பா மட்டும் "மெதுவா குடி தாயி"ன்னாரு.

அம்மா தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுட்டா. அடுப்படியில என்ட்ட மெதுவா கேட்டா. "மூக்கால பேசுறது எதுட்டி?"

எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். கருக்கல் அண்ணா பதினேழாவது எபிசோட்ல சொல்லியிருக்காரு, மனுசங்க வாயால பேசுவாங்க, மத்ததெல்லாம் மூக்கால பேசும்னு.

செப்டம்பர் 6, சனி

மதினி சாப்பிடும்போது ஒரு கையால தாடையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் மெல்லுதா. ராத்திரி எட்டு மணி. இது எந்த அடையாளத்துல வரும்னு குரூப்ல கேட்டிருக்கேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கருக்கல் அண்ணா வாய்ஸ் நோட் போட்டாரு. "பாதி மண்டலம் நெருங்கிட்டோம். இப்போ நாலாவது கட்டத்த மட்டும் எண்ணுங்க. எந்தப் பேரு அதிகமா வருதோ, அந்த ஆள் மூலமாத்தான் அது உள்ள வந்திருக்கு."

எண்ணுனேன். கடைசிப் பக்கத்துல கட்டம் மட்டும் போட்டுக் குறிச்ச சின்னச் சின்னதையும் சேத்து மொத்தம் பதினாலு. மதினி பேரு பன்னெண்டு.

பன்னெண்டு! இப்படி ஒரு நோட்டு யாருட்டயும் இருக்காது. ஓடிப்போய் அம்மாட்ட வாசிச்சுக் காமிச்சேன். ஒண்ணொண்ணா, மணியோட.

அம்மா வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கை நிக்கல. முடிச்சதும், "கண்ணாடியில இருந்து திரும்ப வாசி"ன்னா.

திரும்ப வாசிச்சேன்.

செப்டம்பர் 10, புதன்

இனிமே விளக்கு ஏத்த வேண்டாம்னு அம்மா மதினிட்ட சொல்லிட்டா.

செப்டம்பர் 12, வெள்ளி

மணி: ராத்திரி 7.05. பொருள்: அப்பாவோட டிபன் கேரியர். பக்கத்துல: மதினி.

கழுவி எடுத்துட்டு வந்தா. நாலு அடுக்கும் நாலு பக்கம் உருண்டுச்சு. "கையில பெலமே இல்ல அத்தை"ன்னு சொன்னா. அம்மா கேரியரப் பொறுக்கிட்டே, "அவரு சாப்பாட்டுப் பாத்திரம்தான் கெடச்சுதா ஒனக்கு?"ன்னு கேட்டா.

செப்டம்பர் 13, சனி

அப்பா பஸ் புளியமரத்துல மோதிட்டு.

அப்பா உயிரோட இருக்காரு. தோள்பட்ட எலும்பு முறிஞ்சிருக்கு. ஏறுனவங்க யாருக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில வச்சு அம்மா அழுத அழுகையில நர்சு வந்து அதட்டுனாங்க.

"பிரேக்கு தேஞ்சு கெடக்குன்னு ஒரு மாசமா சொல்லுதேன், எவன் கேட்டான்"னு அப்பா சொன்னாரு. அம்மா, "நேத்து கேரியர் விழுந்துச்சு. கண்ணாடி உடைஞ்சு மூணு வாரம்"ன்னா. அப்பா வலியோட சிரிச்சாரு. "ஆவுட, பிரேக்குக்கு ஒம் மருமகளத் தெரியுமாட்டி?"

மதினி கதவுகிட்டயே நின்னா. உள்ள வரல.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோடாங்கி வந்தாரு. பக்கத்து ஊர்ல பேயோட்டுறவரு, அம்மாதான் வரச் சொன்னா. அப்பா மாத்திர போட்டுத் தூங்கிட்டு இருந்தாரு. அண்ணன், "சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும், அம்மாவுக்கு நிம்மதி"ன்னான்.

சாயங்காலம் ஆறரை. மதினி ஸ்கூல் விட்டு வந்து சேலை கூட மாத்தல. கோலத்துக்கு நடுவுல உக்கார வச்சாங்க. கோடாங்கி உடுக்க அடிச்சுட்டே வீட்ல என்னென்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. அம்மா என்னப் பாத்தா.

நான் நோட்ட எடுத்து வாசிச்சேன்.

நல்லா வாசிச்சேன். லைவ்ல வாசிக்கிற மாதிரி, எங்க நிறுத்தணும், எங்க குரல எறக்கணும்னு எல்லாம் ஏற்கெனவே பழகி வச்சிருந்தேன். கோடாங்கியே உடுக்கைய நிறுத்திட்டுக் கேட்டாரு.

நேரம் ஆக ஆக மதினி தலை முன்னால தொங்குச்சு. இடது கண் பாதி மூடிருச்சு. கோடாங்கி, "சிரி பாப்போம்"ன்னாரு. மதினி சிரிக்கப் பாத்தா. சிரிப்பு வரல. மேல் உதடு மட்டும் ஏறி, நாய் பல்லக் காட்டுற மாதிரி ஆயிட்டு. அம்மா "ஆத்தா"ன்னு கத்தி பின்னால போனா. "பாத்தீங்கல்லா"ன்னாரு கோடாங்கி.

நெஜமாவே பயந்துட்டேன். சேனல் பாக்கும்போது வர்ற பயம் வேற. அதுல ஒரு ருசி இருக்கும். இதுல இல்ல.

மூணு நாள் ஒரு வேளைச் சாப்பாடுதான். பச்சத்தண்ணிக் குளியல். கழுத்துல கயிறு. மூணு நாளும் ஸ்கூலுக்கும் போகக் கூடாது. எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கும்போது மதினி என் நோட்டப் பாத்தா. அதே மூக்குக் குரல்ல மெதுவா கேட்டா.

"காலையில நான் எப்படி இருக்கேன்னு அதுல எழுதிருக்கியா கோமு?"

நான் நோட்ட மூடிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மதினி சுரண்டைக்குப் போயிட்டா. வெள்ளிக்கிழம மருமகள அனுப்பக் கூடாதுன்னு அம்மா வியாழனே அனுப்பிட்டா. "கொஞ்ச நாள் ஒங்க அம்மா வீட்ல இரு"ன்னு அண்ணன் சொன்னான். எத்தனை நாள்னு மதினி கேக்கல. அவனும் சொல்லல. அப்பா மட்டும் கட்டில்ல கெடந்தபடி, "நான் எந்திரிக்க முடியாமக் கெடக்குற நேரமாப் பாத்து செய்யுதீங்க"ன்னாரு.

காலை ஏழு மணி பஸ். ரெண்டு பையையும் அவளே தூக்கிட்டு வெடுக்குன்னு நடந்தா. குரல் தெளிவா இருந்துச்சு. ரெண்டு கண்ணும் நல்லாத் தொறந்திருந்துச்சு. காலையில பாக்குற யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பால் கொட்டி அடுப்பு அணைஞ்சுட்டு. பக்கத்துல: நான். (கணக்குல சேக்கல.)

அம்மா தோள்ல பல்லி விழுந்துச்சு. பக்கத்துல: அம்மா மட்டும். (சேக்கல.)

அண்ணன் டம்ளரத் தட்டி விட்டுட்டான். சேக்கல. நாலாவது கட்டத்துல வேற பேரு வந்தா நோட்டு நல்லா இருக்காது.

செப்டம்பர் 24, புதன்

மதினியோட அம்மா போன் பண்ணாங்க. மதினிக்கு மூச்சு விட முடியலையாம். சாப்பாடு பொரையேறி, நேத்து சாயங்காலத்துல இருந்தே மூச்சு இழுத்துட்டு இருந்திருக்கு. திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அண்ணன் கடைய அப்படியே போட்டுட்டு ஓடிட்டான். ஷட்டர நான்தான் போய் இழுத்து விட்டேன்.

அம்மா சாமி முன்னால உக்காந்திருக்கா. விளக்கு ஏத்தல.

செப்டம்பர் 25, வியாழன்

எல்லாத்தையும் எழுதணும். வரிசையா எழுதுறேன்.

காலையில அம்மா, அப்பா, நான் மூணு பேரும் போனோம். அப்பா கைய கழுத்துல கட்டித் தொங்க விட்டுட்டே பஸ் ஏறுனாரு. ஐ.சி.யூ.ல மதினி. முகத்துல மாஸ்க் கட்டி மெஷின் காத்து ஊதுது. கண் ரெண்டும் மூடி இருக்கு. தூங்கல. இமையத் தூக்க முடியல, அவ்வளவுதான். நாங்க வந்தது தெரிஞ்சதும் விரல மட்டும் அசச்சா. பேச முடியாது.

ஒரு டாக்டர் வந்தாங்க. பொண்ணுதான். அண்ணன விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கலாம். அண்ணன்கிட்ட கேட்டாங்க. "எப்ப இருந்து இப்படி? முதல்ல கண்ணா, குரலா, கையா? நாள்ல எந்த நேரத்துல அதிகமா இருக்கும்?"

அண்ணன் முழிச்சான். "நான் கடையில இருந்து வர லேட்டாயிடும் டாக்டர்"ன்னான். மதினியோட அம்மாவுக்கு இந்த ஒரு வாரம்தான் தெரியும். டாக்டர், "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. கூட இருந்தவங்க யாராவது கவனிச்சிருப்பீங்கல்ல?"ன்னாங்க.

அப்பாதான் சொன்னாரு. "கோமு, அந்த நோட்டக் குடு."

பைக்குள்ளதான் இருந்துச்சு. இப்போ நான் அத எங்க போனாலும் தூக்கிட்டுத்தான் போறேன். குடுத்தேன். முதல் பக்கத்துலயே மண்ட ஓடு படம் வரைஞ்சு வச்சிருக்கேன். டாக்டர் அதப் பாத்துட்டு அடுத்த பக்கம் போனாங்க.

"நேரமெல்லாம் கடிகாரம் பாத்து எழுதுனதா, குத்துமதிப்பா?"

"பாத்துதான்."

நின்னுட்டே வாசிச்சாங்க. அப்புறம் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து வாசிச்சாங்க. "ரெண்டு விளக்கு தெரியுதுன்னு சொன்னாங்களா? இதே வார்த்தையா?" ஆமா. "மூக்கால பேசுனாங்க, அன்னைக்குத்தான் தண்ணியும் மூக்குல வந்துச்சு?" ஆமா. "தாடையக் கையால தாங்கிட்டு சாப்பிட்டாங்க." ஆமா, ஆமா. பேயின்னு நான் எழுதுன இடத்தையும், உப்பு ஜாடிக்குக் கீழ எழுதுனதையும் தாண்டித் தாண்டிப் போனாங்க. ரெண்டாவது கட்டத்துல மட்டும் பென்சிலால ஒரு கோடு இழுத்துட்டே வந்தாங்க. 6.40. 7.15. 7. 8. 7.05. கோடு போட்டுக்கிட்டே வந்த பென்சில் திரும்ப முதல் அடையாளத்துக்குப் போய் நின்னுச்சு.

"எல்லாமே பொழுது சாய்ஞ்ச பெறகு. அதுதான் நானும் நெனச்சேன். ஆனா இது ரெண்டும் இடிக்குதே. கண்ணாடி, ஞாயித்துக்கிழம காலை பத்து பத்து. உப்பு ஜாடி, காலை பதினொண்ணு. நல்லா தூங்கி எந்திரிச்ச பெறகும் கை நழுவுதுன்னா நான் வேற எதையாவது யோசிக்கணும்." என்ன நிமிந்து பாத்தாங்க. "இது ரெண்டும் சரிதானா?"

அம்மா பாக்கா. அண்ணன் பாக்கான். கட்டில்ல மதினி விரல் அசையாம இருக்கு. காது கேக்கும் அவளுக்கு.

கண்ணாடிய உடைச்சது நான். வீடியோ எடுக்க ஸ்டாண்டு வச்சேன், சரிஞ்சு கண்ணாடி மேல விழுந்துச்சு. உப்பு ஜாடியும் நான்தான், போனப் பாத்துட்டே எடுத்தேன். இதத்தான் அங்க சொன்னேன். எவ்வளவு சத்தமா சொன்னேன்னு தெரியல. "என்ன?"ன்னு டாக்டர் கேட்டதால ரெண்டாவது தடவையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அவங்க திட்டல. "சரி"ன்னுட்டு அந்த ரெண்டு வரியையும் பென்சிலால அடிச்சாங்க. அவ்வளவுதான். ஒரு மாசமா நான் உள்ள வச்சிருந்தது ஒரு கோட்டுல முடிஞ்சுபோச்சு.

அப்புறம் ஒரு கையுறைக்குள்ள ஐஸ் போட்டு மதினியோட இடது இமை மேல வச்சாங்க. ரெண்டு நிமிசம். எடுத்தாங்க. மூடியிருந்த கண் மெதுவா, ஷட்டர் தூக்குற மாதிரி, மேல வந்துச்சு. மதினி எங்கள எல்லாரையும் பாத்தா. கொஞ்ச நேரம்தான். திரும்ப இறங்கிருச்சு.

மயஸ்தீனியான்னு எழுதிக் குடுத்தாங்க. நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேராதாம். காலையில நல்லா இருக்கும். வேலை செய்யச் செய்ய, பேசப் பேச, மெல்ல மெல்ல சோந்து போகும். முதல்ல கண், குரல், முழுங்குறது. விட்டா மூச்சு. பட்டினியும் பயமும் ஆகவே ஆகாதாம். பட்டினின்னு சொல்லும்போது அம்மா சுவத்தப் பாத்துட்டு நின்னா.

வெளிய பெஞ்சுல வச்சு அம்மா கேட்டா. "கண்ணாடிய வச்சுத்தான நான் ஆரம்பிச்சேன்?"

நான் ஆமான்னேன்.

செப்டம்பர் 27, சனி

மருந்து ஏறுது. மதினிக்கு மாஸ்க் இன்னும் எடுக்கல. நோட்ட ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வச்சுட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. அம்மா அந்தக் கயிற மதினி கழுத்துல இருந்து அவுக்கச் சொல்லி நர்சுட்ட கேட்டா. நர்சு, "அன்னைக்கே வெட்டிப் போட்டாச்சே"ன்னாங்க.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாஸ்க் எடுத்தாச்சு. காலை எட்டு மணிக்கு நான் மட்டும் உள்ள போனேன். மதினி உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருந்தா. அவ குரல்லயே பேசுனா. மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். வாயில இருந்து வந்தது "இட்லி நல்லா இருக்கா மதினி?"

"ஆஸ்பத்திரி இட்லி எப்படி இருக்கும்?"ன்னா. கொஞ்சம் மென்னு முழுங்கிட்டு, "கண்ணாடி பெருக்கும்போது ஒரு திருகு கெடந்துச்சு. ஒன் தலகாணிக்குக் கீழ வச்சேன். பாத்தியா?"ன்னு கேட்டா.

எனக்கு உடனே புரியல. அப்புறம் புரிஞ்சுது.

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"துணி காயப் போடுற எடத்துல இருந்து ஜன்னல் வழியா பாத்தா முன்ரூம் பூராத் தெரியும்."

"பின்ன ஏன் அம்மாட்ட சொல்லல?"

மதினி தட்ட ஓரமா வச்சா. "வந்து மூணு மாசம். நாத்தனாரக் காட்டிக் குடுத்துட்டு அந்த வீட்ல எப்படி இருக்குறது? நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அடுத்த நாள் சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்கு அடுத்த நாள். கோலத்துல உக்கார வச்சு நீ வாசிச்சப்ப கூட, கண்ணாடி வரும்போது நிறுத்துவேன்னு நெனச்சேன் கோமு."

நான் நிறுத்தல. அந்த இடத்துலதான் குரல எறக்கி வாசிச்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு.

அக்டோபர் 6, திங்கள்

நாப்பத்தெட்டாவது நாள்.

குரூப் அட்மின் மெசேஜ் பண்ணாரு. நான் செலக்டாயிட்டேன். மூணு பேர்ல முதல் பேரு என்னோடது. "சுரண்டை மதினி கேஸ்"னு தலைப்பு கூட வச்சிட்டாங்களாம்.

வாசிக்க மாட்டேன்னு சொன்னேன். என்ன நடந்துச்சுன்னு குரூப்ல முழுசா எழுதுனேன். கண்ணாடி, உப்பு ஜாடி, நான் சேக்காம விட்ட பால், பல்லி, டம்ளர் எல்லாத்தையும். "இந்த நோட்டு பொய்"ன்னு எழுதுனேன். ஒருத்தர், "டாக்டருக்கு என்ன தெரியும், அது உடம்புக்குள்ள மாறிப் போயிருக்கும்"னு போட்டாரு. ஒரு அக்கா, "அப்போ எங்க வீட்லயும் நான் தப்பா எழுதிருப்பனோ"ன்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் எழுதுறதுக்குள்ள என்ன குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க.

அழுதேன். மதினிய நெனச்சு அழுதேன்னு எழுதலாம். இல்ல. குரூப்புக்காகத்தான் அழுதேன். கருக்கல் அண்ணா ஒரு தடவை என் பேரச் சொன்னாரே, அதுக்காக.

இனிமே இந்த நோட்டுல நெஜமா நடந்தத மட்டும் எழுதணும்.

அக்டோபர் 9, வியாழன். சுரண்டை.

மண்டலம் முடிஞ்சுபோச்சு. ஆனா நோட்டுல பக்கம் மிச்சம் இருக்கு.

நேத்து மதினிய டிஸ்சார்ஜ் பண்ணாங்க. சாயங்கால நேரத்துல எப்படி இருக்காங்கன்னு யாராவது தினமும் குறிச்சு வைக்கணும், மாத்திர அளவ அத வச்சுத்தான் மாத்துவோம்னு டாக்டர் சொன்னாங்க. கண், குரல், முழுங்குறது, கை. மணியோட.

சங்கரன்கோவிலுக்கு எப்போ வருவன்னு அண்ணன் கேட்டான். இப்போதைக்கு இல்லன்னு மதினி சொல்லிட்டா. அண்ணன் கடைய சாயங்காலம் அஞ்சுக்கே அடைச்சுட்டு தினமும் இங்க வரேன்னான். "வா, பாப்போம்"ன்னா.

குறிப்பு யாரு எழுதுறதுன்னு பேச்சு வந்துச்சு. மதினி என்னக் கை காமிச்சா. "இவளே எழுதட்டும். என்னையே பாத்துட்டு இருந்து பழக்கம் இவளுக்குத்தான்." சிரிக்காமத்தான் சொன்னா. அப்பா மட்டும் லேசா இருமுனாரு.

பைய எடுத்துட்டு இங்க வந்துட்டேன். மதினியோட அம்மா வான்னு சொல்லல. பாய மட்டும் எடுத்துப் போட்டாங்க.

காலை 8: கண் ரெண்டும் நல்லா இருக்கு. குரல் நல்லா இருக்கு. மூணு இட்லி.

மதியம் 1: நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு பாட்டு சொல்லிக் குடுத்தா. பாதியில நிறுத்தி ஓய்வு எடுத்தா.

மாலை 6.50: இடது இமை கொஞ்சம் எறங்கிருக்கு. டம்ளர் கை நழுவி விழுந்துச்சு. தண்ணி பூரா தரையில. மதினி என்னப் பாத்தா. மதினியோட அம்மா என்னப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு துணி எடுத்துட்டு வந்து தொடச்சேன். வேற டம்ளர்ல தண்ணி ஊத்தி, அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அடியில கை வச்சுப் பிடிச்சிருந்தேன்.

பொருள்: டம்ளர்.

பக்கத்துல: நான்.